புல்லட், கிளாசிக், ஹண்டர், கெரில்லா: டெல்டாவுல ஓட்ட எதை எடுக்கலாம்?

ராயல் என்ஃபீல்டு எடுக்கப் போறேன்னு நம்ம பக்கம் ஒருத்தர் வாயத் தொறந்தா போதும், கும்பகோணமோ மன்னார்குடியோ திருவாரூரோ எந்த ஊரு டீக்கடையா இருந்தாலும் அங்க உக்காந்திருக்கவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சிக்கு வட்ட ஹெட்லைட்டு, அதுக்கு மேல இரும்புத் தொப்பி, ரெண்டு பக்கமும் குட்டி பைலட் லாம்ப், டேங்க்ல கையால இழுத்த தங்கக் கோடு, தெரு முனைல திரும்பும்போதே யாரு வர்றாங்கன்னு வீட்டுக்குச் சொல்லிடுற அந்த டுக் டுக் சத்தம், இது இல்லாததெல்லாம் வண்டியே இல்ல. இன்னொரு கட்சி, தாத்தா காலத்து மூஞ்சியவே எத்தனை நாளைக்குப்பா வச்சு ஓட்டுறது, ஹண்டரப் பாரு கெரில்லாவப் பாரு, இப்பதான் கம்பெனிக்கே உயிர் வந்திருக்குன்னு பேசும். எங்க குடும்பத்துலயே இது உண்டு. சித்தப்பா பழைய காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்காரர், அவரு பையன் கெரில்லா படத்த போன்ல காட்டினா "ஏன்டா தம்பி, இதுல புல்லட் எங்கடா இருக்கு"ம்பாரு, அவன் "அப்பா, புல்லட் வேணும்னா அதையும்தான் விக்கிறாங்க, இது வேற வண்டிப்பா"ம்பான். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா காசு கட்டி வண்டி எடுக்கப் போறவங்களுக்கு இந்தச் சண்டைல பாதிதான் உதவும், ஏன்னா ரெண்டு கட்சியும் பேசுறது பூரா மேல இருக்குற தகரத்தப் பத்தி, உள்ள நடந்த மாத்தத்தப் பத்தி அனேகமா யாரும் பேசுறதில்ல.

பாரம்பரியம் பாரம்பரியம்னு எதச் சொல்றோம்னு முதல்ல பாத்துடுவோம். இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல 1901ல முதல் மோட்டார் சைக்கிள் செஞ்ச கம்பெனி, புல்லட்ங்கிற பேரு 1930கள்ல வந்துச்சு, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சு திருவொற்றியூர்ல வண்டி கட்ட ஆரம்பிச்சாங்க, இங்கிலாந்துல கடைய மூடினப்புறமும் திருவொற்றியூர்ல புல்லட் நிக்காம வந்துகிட்டே இருந்துச்சு, 1994ல ஐஷர் கம்பெனி கைக்குப் போச்சு. இந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் "அவ்ளோதான், புல்லட் முடிஞ்சுபோச்சு"ன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டேதான் வந்திருக்கு. கியர் வலது கால்லேருந்து இடது காலுக்கு மாறினப்ப சொன்னாங்க. காஸ்ட் அயர்ன் போயி அலுமினிய எஞ்சின் வந்தப்ப சொன்னாங்க. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்குற யூசிஇ எஞ்சினோட 2009ல கிளாசிக் 350, 500 வந்தப்ப, சத்தம் செத்துப்போச்சு, செல்ஃப் ஸ்டார்ட் வச்ச புல்லட்ட ஆம்பள ஓட்டுவானான்னு கூட கேட்டவங்க உண்டு. இன்னைக்கு அதே 2009 கிளாசிக்கத்தான் "ஒரிஜினல்"னு சொல்லி செகண்ட்ஸ்ல தேடித்தேடி வாங்குறாங்க. அந்த கிளாசிக் டிசைனே 1950கள்ல வந்த புல்லட்ட பாத்து புதுசா வரைஞ்சதுதான். அதாவது பழைய முகம்னு நாம கொண்டாடுறதே ஒரு டிசைனர் உக்காந்து தேர்ந்தெடுத்த முகம், நேரா தாத்தாகிட்டேருந்து இறங்கி வந்தது இல்ல.

இன்னொண்ணையும் சொல்லணும். இந்தக் கம்பெனி எப்பவும் புல்லட் மட்டும் செஞ்ச கம்பெனியும் கிடையாது. 1965லயே இங்கிலாந்துல 250 சிசில கான்டினென்டல் ஜிடின்னு சின்னப் பசங்களுக்காகவே ஒரு சிவப்பு ரேஸர் விட்டாங்க. 1980கள்ல நம்ம ஊர்லயே ஜெர்மன்காரன் சுண்டாப் டெக்னாலஜில ஃபியூரி 175ன்னு ஒண்ணு வந்துச்சு, முன்னாடி டிஸ்க் பிரேக்கோட, அந்தக் காலத்துல அதெல்லாம் பெரிய விஷயம். சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், மோஃபா, இதெல்லாம் ஓட்டின மாமாக்கள் இன்னும் நம்ம ஊர்கள்ல இருக்காங்க, கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாங்க. அதனால கெரில்லாவப் பாத்து "இது நம்ம கம்பெனி வண்டி மாதிரியே இல்ல"ன்னு சொல்றது வரலாற்றுப்படி நிக்காது. புடிக்கலன்னு சொல்லலாம், அது வேற.

ஸ்போர்ட்ஸ் கார் உலகத்துல இதே சண்டைய இதவிடப் பெருசா போட்டிருக்காங்க. போர்ஷே 911 ஆரம்பத்துலேருந்து காத்துல குளுந்த எஞ்சின், 1990கள் கடைசில 996னு ஒரு தலைமுறைல தண்ணிக்கு மாத்திட்டாங்க, கூடவே அந்த வட்ட ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரோட சேத்து ஒழுகுற மாதிரி ஒரு வடிவத்துக்குக் கொண்டுபோனாங்க. போர்ஷே வெறியனுங்க பாதிப் பேருக்கு இன்னைய வரைக்கும் அந்த ஹெட்லைட்ட மன்னிக்க மனசு வரல. அடுத்த தலைமுறைல வட்ட லைட்டு திரும்பி வந்துச்சு, தண்ணி எஞ்சின் மட்டும் அப்படியே இருந்துடுச்சு. ராயல் என்ஃபீல்டு 2023 கடைசில ஹிமாலயன் 450ல தண்ணில குளுர்ற ஷெர்பா எஞ்சின கொண்டு வந்தப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. மூஞ்சிய எப்ப வேணா திருப்பி மாத்திக்கலாம், எஞ்சின் மாறினா மாறினதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2020 நவம்பர்ல மீட்டியோர்ங்கிற வண்டியோட சேந்து ஜே சீரிஸ் எஞ்சின் வந்துச்சு, 349 சிசி, 20.2 பிஎச்பி சக்தி, 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. வால்வத் தள்ளுற பழைய புஷ்ராடு போயி எஞ்சின் தலைலயே கேம், உள்ள அதிர்வ அடக்குற பேலன்சர் ஷாஃப்ட், அதனால அந்தக் கை மரத்துப்போற அதிர்வு பெரும்பாலும் போயிடுச்சு. 2021 செப்டம்பர்ல கிளாசிக்குக்கு இதே எஞ்சின், 2022 ஆகஸ்ட்ல ஹண்டருக்கு இதே எஞ்சின், 2023 செப்டம்பர்ல புல்லட்டுக்கும் இதே எஞ்சின். ஆக இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற புல்லட்டும் ஹண்டரும் நெஞ்சுக்குள்ள ஒண்ணுதான். "நான் பாரம்பரியத்த வாங்குறேன்"னு புல்லட் எடுக்கறவரும் "நான் மாடர்ன் வாங்குறேன்"னு ஹண்டர் எடுக்கறவரும் ஒரே எஞ்சினத்தான் வாங்குறாங்க. மாறுறது உக்கார்ற விதம், சக்கரம், சீட்டு, எடை, தோற்றம். நம்ம டெல்டாவுல ஓட்டுறதுக்கு முடிவு பண்ண வேண்டியதும் இந்த அஞ்ச வச்சுத்தான்.

நிஜமாவே பழசுதான் வேணும்னா அதுக்கு ஒரே வழி காஸ்ட் அயர்ன் செகண்ட்ஸ். சித்தப்பா அத ஸ்டார்ட் பண்றத பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். சாவி போட்டதும் டேங்குக்கு முன்னாடி இருக்குற அம்மீட்டர் முள்ளு இடது பக்கம் சாயும், எஞ்சினுக்குள்ள இருக்குற அழுத்தத்த விடுற டீகம்ப்ரஷன் லிவர அமுத்திக்கிட்டு கிக்கர மெல்ல மெல்ல அழுத்துவாரு, முள்ளு நடுவுக்கு வந்து நிக்கிற எடத்துல லிவர விட்டுட்டு கிக்கர மேல கொண்டு வந்து ஒரே மிதி. அந்த முள்ளப் பாக்காம அவசரப்பட்டு மிதிச்சா கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்காலப் பேத்துடும். அது ஒரு கலை, அதுல எனக்கு மரியாதை உண்டு. ஆனா முன்னாடி டிரம் பிரேக், பிரேக் புடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் கிடையாது, பிரேக் இடது கால்ல கியர் வலது கால்லன்னு இருக்குறதால வீட்டுல வேற வண்டியும் ஓட்டுறவங்களுக்கு அவசரத்துல கால் குழம்பும். பழைய இக்னிஷனோட பாயின்ட் செட்டு பாத்து வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் தஞ்சாவூர்லயும் கும்பகோணத்துலயும் இன்னும் இருக்காங்க, ஆனா வயசாகிட்டே போகுது அவங்களுக்கு. ரெண்டாவது வண்டியா, ஞாயித்துக்கிழமை வண்டியா வச்சுக்க வசதி இருந்தா தாராளமா எடுங்க. தினம் வேலைக்குப் போக வர இத எடுக்காதீங்க.

புல்லட் 350க்கும் கிளாசிக் 350க்கும் நடுவுல குழம்புறவங்கதான் நம்ம பக்கம் அதிகம். ரெண்டும் 195 கிலோ, ரெண்டும் 805 மி.மீ சீட்டு உயரம், ரெண்டுக்கும் முன்னாடி 19 பின்னாடி 18 இஞ்ச் சக்கரம். வித்தியாசம்னு பாத்தா சீட்டுதான், இத சின்ன விஷயம்னு நினைக்கக் கூடாது. புல்லட்டுக்கு ஒரே நீள பெஞ்ச் சீட்டு, கிளாசிக்குக்கு ரெண்டா பிரிஞ்ச சீட்டு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க சேலை கட்டி ஒரு பக்கமா உக்காந்து வருவாங்க, மடில ஒரு குழந்தை, கைல ஒரு பை. பெஞ்ச் சீட்டுல அவங்க கொஞ்சம் முன்ன பின்ன நகந்து உக்காந்துக்கலாம், பிரிஞ்ச சீட்டுல அந்தச் சின்ன எடத்துக்குள்ளயே உக்காந்தாகணும், அரசலாத்துப் பாலம் ஏறி இறங்குறப்ப ஓட்டுறவர் மேலயே வந்து முட்டுவாங்க. அதே மாதிரி 45 கிலோ யூரியா மூட்டைய பின்னாடி குறுக்கால போட்டு கயிறு கட்டணும்னா பெஞ்ச் சீட்டுல நிக்கும், மத்ததுல சாயும். அழகுன்னு பாத்தா கிளாசிக்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, 2024ல வந்த கலர்கள்ல மெட்ராஸ் ரெட்டு வெயில்ல நின்னா கண்ண எடுக்க முடியாது. ஆனா ஒரே ஒரு வண்டிதான் வீட்டுக்கு, அதுலதான் வயலும் கல்யாணமும் ஆஸ்பத்திரியும்னா புல்லட்டு எடுங்க, கிளாசிக் வேண்டாம்.

இதுல ஒரு குறை சொல்லியே ஆகணும், புல்லட்டுக்கு ஸ்போக் வீலு, உள்ள ட்யூப். ராத்திரி பத்து மணிக்கு வலங்கைமான் தாண்டி ஏதோ ஒரு வாய்க்கா கரைல பஞ்சராச்சுன்னா 195 கிலோவ தள்ளிக்கிட்டு நடக்கறது யாருக்கும் நேரக்கூடாத கஷ்டம். கிளாசிக்ல அலாய் வீலோட ட்யூப்லெஸ் டயர் வர்ற மாடல் இருக்கு, பாரம்பரியக் கட்சிக்காரங்களுக்கு அலாய் வீலப் பாத்தாலே எரியும், ஆனா வெளியூர் வேலை பாத்துட்டு ராத்திரி லேட்டா வர்றவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன்.

ஹண்டர். இதப் பத்தி கொஞ்சம் கூடுதலாவே பேசணும்னு இருக்கேன், ஏன்னா இந்தக் கம்பெனி சமீபத்துல வரைஞ்சதுலயே நல்ல டிசைன் இதுதாங்கறது என் கருத்து. 181 கிலோ, ரெண்டு பக்கமும் 17 இஞ்ச் சக்கரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், கிளாசிக்க விட 20 மி.மீ குட்டை. டேங்க்ல முட்டி வச்சுக்க பள்ளம், வால் பகுதிய நறுக்குன்னு வெட்டிட்டாங்க, க்ரோம் கம்மி. "புல்லட்ட வெட்டி ஸ்கூட்டராக்கிட்டாங்க"ன்னு ஒரு மாமா என்கிட்ட சொன்னாரு, அவரயே கும்பகோணம் பெரிய தெருவுல சாயங்காலம் ஓட்டச் சொன்னா மனசு மாறிடும். ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவுல நுழைஞ்சு போறதுக்கு, சட்டுனு யூ டர்ன் அடிக்கறதுக்கு கிளாசிக்லாம் கிட்டவே வராது. எஞ்சின் அதே 20 பிஎச்பிதான், ஆனா 14 கிலோ குறைச்சல், அதனால கிளம்புறதுல துடிப்பு தெரியும். முதல் வந்த ஹண்டருக்கு பின் சஸ்பென்ஷன் கல்லு மாதிரி இருந்துச்சு, பாலத்து இணைப்புல ஏறினா முதுகெலும்புல தெரியும், தரைக்கும் வண்டியோட அடிக்கும் நடுவுல உள்ள உயரம், அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸும் 150 மி.மீதான். 2025ல அத சரி பண்ணி பின் ஸ்ப்ரிங்க மாத்தி, உயரத்த 160 ஆக்கி, கிளட்ச்சையும் லேசாக்கிட்டாங்க. அதனால செகண்ட்ஸ்ல ஹண்டர் பாக்கறவங்க எந்த வருஷ வண்டின்னு கேட்டுட்டு, ஒரு மோசமான ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு எடுங்க. அடிமட்ட விலைல வந்த ரெட்ரோ மாடலுக்கு பின்னாடி டிரம் பிரேக், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ், ஒல்லி டயர். மேல் மாடல்தான் முழு ஹண்டர், அத எடுக்க முடியலன்னா ரெண்டு மாசம் பொறுத்து எடுங்க.

டயர் பத்தி ஏன் இவ்ளோ சொல்றேன்னா நம்ம ரோடு அப்படி. தை, மாசில சம்பா அறுப்பு முடிஞ்சதும் ரோட்டுல பாதிய அடைச்சு நெல்லு காயும், மீதிப் பாதில வைக்கோல் கிடக்கும். அந்த நெல்லு மேல முன் சக்கரம் ஏறினா தரையில கோலிக்குண்டு கொட்டி அதுமேல நடக்கற மாதிரி இருக்கும். அங்க பிரேக் புடிக்காம, ஹேண்டில ஒடிக்காம நேரா போயிடணும், எந்த வண்டியா இருந்தாலும். ஆனா வேகத்துல தெரியாம ஏறிட்டா, பழக்கப்பட்ட என் கைக்கு கிளாசிக்கோட பெரிய 19 இஞ்ச் சக்கரம் நேரா புடிச்சுக்கிட்டுப் போறது தைரியமா இருக்கு, ஹண்டர் கொஞ்சம் துள்ளும். ஐப்பசி கார்த்திகைல களிமண் அப்பின வயக்கா ரோட்டுலயும் இதே கதைதான், பெரிய சக்கரமும் 170 மி.மீ கிளியரன்ஸும் புல்லட், கிளாசிக்குக்கு சாதகம். தினம் கரை ரோடுதான், தார் ரோட்டப் பாக்கறதே அபூர்வம்னா ஹண்டர் உங்களுக்கு இல்ல.

கெரில்லா 450தான் எல்லா சண்டைக்கும் காரணம். 2024 ஜூலைல வந்துச்சு, ஹிமாலயன்ல வந்த அதே ஷெர்பா எஞ்சினோட. 452 சிசி, 40 பிஎஸ் (பிஎச்பி மாதிரியே சக்திக்கான அளவுதான்), 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், எடை 185 கிலோ, சீட்டு உயரம் 780 மி.மீ. ஒரு நிமிஷம் இந்தக் கணக்கப் பாருங்க, கிளாசிக்க விட 10 கிலோ குறைவு, சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தஞ்சாவூர் திருச்சி நாலு வழி ரோட்டுல லாரிய ஓவர்டேக் பண்றப்ப ஜே சீரிஸ் வண்டில கணக்குப் போட்டு, எடம் பாத்து, மூச்சப் புடிச்சுப் போகணும், கெரில்லால கைய முறுக்கினா முடிஞ்சுது. பழைய கட்சி இத ஒத்துக்கணும். ஆனா தோற்றத்துல அவங்க சொல்ற ஒரு குறை எனக்கும் சரின்னு படுது, டேங்கும் வாலும் அழகா வரைஞ்சவங்க, ரேடியேட்டர் பக்கம் வந்ததும் விட்டுட்டாங்க, குழாயும் பிளாஸ்டிக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது. காத்துல குளுர்ற எஞ்சினோட பட்டை பட்டையான இரும்பு அழகுதான் இந்தக் கம்பெனியோட முகமே, அது போன எடத்துல வேற அழகு எதையும் வைக்கல. டிஎஃப்டின்னு சொல்ற வட்டக் கலர் ஸ்க்ரீன்ல கூகுள் மேப் வர்றது நல்ல வசதி, ஆனா அது மேல் மாடல்கள்லதான், அடி மாடலுக்கு சாதா மீட்டர்.

கெரில்லால எனக்கு இருக்குற பெரிய தயக்கம் டேங்க்தான், 11 லிட்டர். கிளாசிக், ஹண்டருக்கு 13. நாகப்பட்டினம் தாண்டி வேதாரண்யம், கோடியக்கரைன்னு போற ரோட்டுல பங்க்கு பங்க்குக்கு நடுவுல தூரம் அதிகம், 40 பிஎஸ்ஸ அனுபவிச்சு ஓட்டினா 11 லிட்டர் சீக்கிரம் தீரும். பின் சீட்டு சின்னது, சேலை கட்டி ஒரு பக்கமா உக்கார்றவங்களுக்கு அது சுகப்படாது. மூட்டை நினைச்சே பாக்காதீங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல சித்திரை வெயில்ல மாட்டினா ரேடியேட்டர் ஃபேன் ஓடி கால் பக்கம் அனல் அடிக்கும், எஞ்சின அணைச்சுட்டு நிக்கிறதுதான் வழி.

விலைல இப்ப பெரிய வித்தியாசம் வந்திருக்கு, அதையும் கணக்குல வைங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, 350க்கு மேல போனா 40 சதவீதம். முன்னாடி அதுக்கு செஸ்ஸோட சேத்து 31 இருந்துச்சு. புல்லட், கிளாசிக், ஹண்டர் மூணும் 349ங்கறதால இந்தப் பக்கம், கெரில்லா அந்தப் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல முன்னாடி இருந்த இடைவெளிய விட இப்ப இடைவெளி பெருசு. இன்சூரன்ஸும் 350 தாண்டினா கூடுதல்தான். குறுவை பணம் வந்ததும் மொத்தமா கட்டி எடுக்கறவங்க, இந்த வித்தியாசத்துல நல்ல ஹெல்மெட்டு ரெண்டு, லெக் கார்டு, முதல் வருஷ சர்வீஸ் எல்லாத்தையும் பாத்துடலாம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப யாருக்கு எதுன்னா, குடும்பத்துக்கு ஒரே வண்டி, வயலும் உண்டுன்னா புல்லட் 350. ராத்திரி பயணம் அதிகம், பழைய முகமும் வேணும்னா அலாய் வீல் கிளாசிக். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைன்னு டவுனுக்குள்ளயே வேலை, வீட்டுல வேற ஒரு வண்டியும் இருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு ஹண்டர் மேல் மாடல், பொண்ணுங்களுக்கும் இத தாராளமா சொல்லுவேன், கால் எட்டும், தள்ளிக்கிட்டு திருப்பவும் முடியும். வாரா வாரம் திருச்சியோ சென்னையோ தனியா ஹைவேல ஓட்டுறவங்க, பின்னாடி யாரும் உக்காரப் போறதில்லன்னா கெரில்லா. சித்தப்பா பையன் கெரில்லாதான் எடுப்பான்னு எனக்குத் தெரியும், அவனுக்கு அது பொருத்தம், தஞ்சாவூர்லேருந்து தினம் திருச்சிக்கு வேலைக்குப் போறான், இன்னும் கல்யாணம் ஆகல, சித்தப்பாவும் கோவத்த விட்டுட்டு அவன் கூட ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்.

ஷோரூமுக்குப் போறப்ப பின்னாடி உக்காரப் போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டெஸ்ட் ரைடுன்னு தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வராம ஒரு பாலம், ஒரு வேகத்தடை, ஒரு குழி ரோடு மூணும் வர்ற வழியா போயிட்டு வாங்க, இறங்கினதும் வண்டி எப்படி இருக்குன்னு முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.